அல்பக்கா: அந்தீசு மலையின் உரோமச் செல்வம்

தென்னமெரிக்காவின் மேற்குக் கரையை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது அந்தீசு மலைத்தொடர். அதன் நடுப்பாகத்திலே, பேரு, பொலிவியா ஆகிய நாடுகளில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீற்றர் உயரத்திற் 'பூனா' எனப்படும் புன்னிலம் பரந்துள்ளது. அங்கே பகலில் வெயில் சுடும். இரவில் நீர் உறையும். மரங்கள் அரியன, சோளம் விளையாது. இத்தகைய நிலத்தில் மக்கள் நிலைத்து வாழ்தல் எவ்வாறு இயன்றது என வினவின், அதற்கு விடையாவனவற்றுள் முதன்மையானது அல்பக்கா என்னும் விலங்கு.

அல்பக்கா ஒட்டகக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் திமில் இல்லாதது. இக்குடும்பத்தின் நான்கு வகைகள் தென்னமெரிக்காவில் உள. குவானாக்கோவும் விக்கூனாவும் தாமே திரிவன. இலாமாவும் அல்பக்காவும் மனிதரால் வளர்க்கப்படுவன. இலாமா பொதி சுமக்கும்; அல்பக்கா முதன்மையாக உரோமத்திற்கெனப் பேணப்படும். இவ்விரண்டும் குவானாக்கோவின் வழித்தோன்றல்களே என விலங்கியலார் பலர் நெடுங்காலம் கருதினர். 2001ஆம் ஆண்டில் வெளியான மரபணு ஆராய்ச்சி அக்கருத்தை மாற்றியது. அல்பக்காவின் மூதாதை மென்மயிர் கொண்ட விக்கூனாவே என்பது அதனாற் புலனாயிற்று. மத்திய பேருவிலுள்ள தெலார்மச்சாய் என்னுமிடத்திற் கிடைத்த எலும்புகள், ஏறத்தாழ 6,000 ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விலங்கு மனிதர் வசப்பட்டதைக் காட்டுகின்றன.

வளர்ந்த அல்பக்கா தோளளவில் ஒரு மீற்றருக்குச் சற்றுக் குறைந்த உயரமும், பெரும்பாலும் 50 முதல் 80 கிலோகிராம் வரையான நிறையும் உடையது. அதன் குருதிச் செவ்வணுக்கள் ஐதான வளியிலும் ஒட்சிசனை இறுகப் பற்ற வல்லன. கூரிய குளம்புக்குப் பதிலாக மெத்தென்ற அடியுடைமையால், அது நடக்கும் நிலத்திற் புல்வேர் சிதைவதில்லை. மந்தை முழுவதும் குறித்த சில இடங்களிலேயே சாணமிடும். அதனைத் திரட்டி உலர்த்தினால் மரமற்ற நாட்டில் விறகாகும். வயலிலிட்டால் உருளைக்கிழங்கிற்கு எருவாகும். உரோமத்தின் இயல்பு நோக்கி இவ்விலங்கை இரு வகைப்படுத்துவர். பஞ்சு போல அடர்ந்து நிற்பது 'உவக்காயா'. பட்டிழை போலத் திரண்டு தொங்குவது 'சூரி'. பின்னையது தொகையிற் சிறிது.

இனி வளர்க்கும் முறையை நோக்குவோம். அல்பக்கா மிக விரும்புவது 'பொபெடால்' எனப்படும் ஈரப் புற்றரையை. கெச்சுவா, ஐமரா இன மேய்ப்பர் சிறு வாய்க்கால்கள் வெட்டி, மலைநீரைத் திருப்பி, இப்புற்றரைகளைப் பேணியும் பெருக்கியும் வருகின்றனர். பெண் விலங்கு ஏறத்தாழப் பதினொன்றரை மாதம் சுமந்து ஒரு குட்டியே ஈனும். ஈற்றுக்காலம் மழைப் பருவமாகும். அப்பொழுதுதான் தாய்க்குப் புல் மிகுதி. பெரும்பாலும் முற்பகலிலேயே ஈனுதலால், இரவுக் குளிர் வருமுன் குட்டி உலர்ந்து எழுந்து பாலருந்தக் காலமுண்டு. எனினும் பனிக்கும் குடல் நோய்க்கும் இரையாகும் குட்டிகள் பல. சேறு மிகுந்த பட்டியில் நோய் விரைந்து பரவுமாதலால், பட்டியை அடிக்கடி இடம் மாற்றுதல் நன்று. உரோமத்தைப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு முறை மழைத் தொடக்கத்திற் கத்தரிப்பர். வயது ஏற ஏற இழை பருமனாகும். இழை மெலிதாயின் விலை உயரும். ஆகவே, எவ்விலங்கை இனப்பெருக்கத்திற்குத் தெரிவது என்பதே மேய்ப்பனின் தலையாய அறிவாகும்.

இவ்வறிவு ஒருகாலத்தில் மிக உயர்ந்த நிலையில் இருந்தது. இன்கா அரசில் மந்தைகள் நிறம் நிறமாகப் பிரிக்கப்பட்டு, அவற்றின் தொகை 'கிப்பு' என்னும் முடிச்சுக் கயிறுகளிற் பதியப்பட்டது. தென்பேருவின் எல் யாரல் என்னுமிடத்தில், ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் புதைக்கப்பட்ட அல்பக்காக்களின் உடல்கள் வறண்ட மண்ணிற் கெடாது கிடைத்தன. அவற்றின் உரோமம் இன்றைய விலங்குகளினதை விட மெல்லியதாகவும் சீரானதாகவும் இருத்தல் ஆராய்ச்சியாளரை வியப்பில் ஆழ்த்தியது. 1532இல் இசுப்பானியர் படையெடுப்புத் தொடங்கிற்று. அதன் பின்னர் ஒரு நூற்றாண்டுக்குள் மந்தைகளும் மேய்ப்பரும் பெருந்தொகையாக அழிந்தனர். எஞ்சியவை செம்மறியாடுகளால் உயர்நிலத்திற்குத் தள்ளப்பட்டு, இலாமாவுடன் வரையறையின்றிக் கலந்தன. 2020இல் வெளியான மரபுத்தொகுதி ஆராய்ச்சி அக்கலப்பின் மிகுதியை உறுதிப்படுத்துகின்றது.

பின்னர் ஐரோப்பியச் சந்தை வந்தது. 1836இல் இங்கிலாந்தின் பிறட்போட் நகரத்து ஆலையதிபர் தைற்றஸ் சோல்ற், பிறர் விரும்பாத அல்பக்கா உரோமத்தை வாங்கி நூற்க முயன்று வெற்றி கண்டார். 1853இல் அவர் நிறுவிய சோல்ற்றெயர் ஆலை அவ்வுரோமத்தாற் புகழ்பெற்றது. ஆலைகள் வேண்டியது எச்சாயமும் ஏற்கும் வெள்ளை இழையை. அவ்விருப்பிற்கேற்ப மேய்ப்பரும் வெள்ளை விலங்குகளையே பெருக்கினர். கருமை, கபிலம், சாம்பல் முதலிய இயற்கை நிறங்கள் அருகின.

உலகின் அல்பக்காக்களுட் பெரும்பங்கு இன்றும் பேருவிலேயே உளது. அங்கே தூய மரபுடைய விலங்குகளைத் தேர்ந்து பெருக்கும் முயற்சி நடைபெறுகின்றது. ஆயினும் வறட்காலத்திற் புற்றரைகளுக்கு நீரூட்டும் பனியாறுகள் ஆண்டுதோறும் சுருங்கி வருகின்றன. நல்ல விலங்கைத் தெரியும் கண்ணும், அது மேயப் புல்லும் ஒருங்கே வேண்டும். முன்னையதை இழந்தமையின் விளைவை எல் யாரல் உணர்த்துகின்றது. பின்னையதை இழப்பின், மீளத் தேடுதற்கு மந்தையே எஞ்சாது.