தேடற்பணி (இணைய விளையாட்டு)

தேடற்பணி அல்லது குவெஸ்ட் என்பது இணையவழிக் கற்பனைப் பாத்திர விளையாட்டுகளில் ஆடுபவரிடம் ஒப்படைக்கப்படும் வேலையாகும். விளையாட்டுக்குள் இருக்கும் ஊர்க்காரரோ அரசரோ தம் குறையைச் சொல்வார். ஆடுபவர் அதைத் தீர்த்துவைத்து, பொற்காசு, அனுபவப் புள்ளி, ஆயுதம் போன்றவற்றைப் பெறுவார். இவ்வகை விளையாட்டுகளில் ஆட்ட நேரத்தின் பெரும்பகுதி இப்பணிகளில் கழிகிறது. ஆடுபவர்களின் சலிப்புக்கும் கோபத்துக்கும் இவையே முக்கியக் காரணமாகவும் உள்ளன. அந்தக் கோபம் பெரும்பாலும் திறமைக் குறைவால் வருவதன்று. பணி அமைக்கப்பட்ட முறையால் வருவதாகும்.

தோற்றம்

ஏழு கடல், ஏழு மலை தாண்டிச் சென்று கிளியின் உடலில் ஒளிந்திருக்கும் அரக்கனின் உயிரைத் தேடும் வீரனைப் பாட்டி கதைகளில் காணலாம். கணினியில் இத்தகைய தேடல் 1976-இல் வில் குரோதர் எழுதிய குகை விளையாட்டில் தொடங்கியது எனலாம். 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா தொடங்கி, ரிச்சர்டு பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்ற விளையாட்டு, பலர் ஒரே உலகில் சேர்ந்து ஆட வழி செய்தது. 1999-இல் எவர்குவெஸ்ட் வெளிவந்தது. 2004 நவம்பர் 23 அன்று பிளிசார்ட் நிறுவனம் வெளியிட்ட வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட், தரம் உயர்வதற்கான முதன்மை வழியாகத் தேடற்பணியை ஆக்கியது. 2020 செப்டம்பர் 28 அன்று வந்த ஜென்ஷின் இம்பாக்ட், இதே முறையைக் கைப்பேசியிலும் பயன்படுத்தியது.

பீஸ் ரேட்டும் தேடற்பணியும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக், பேட்லாக் டெய்லர்கள் பலர் பீஸ் ரேட்டில் வேலை செய்கின்றனர். தைத்து முடித்த பீஸ் கணக்கில் ஏறும். சனிக்கிழமை சம்பளத்தில் அது தெரியும். தேடற்பணியும் மேலோட்டமாகப் பார்த்தால் இப்படித்தான் இருக்கும். "8 காட்டுப்பன்றித் தோல் கொண்டு வா" என்று பணி வரும். ஆனால் கொன்ற ஒவ்வொரு பன்றியும் தோல் தராது. தோல் விழுமா என்பதைக் கணினி ஒவ்வொரு முறையும் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறது. உழைப்பு ஒரு கணக்கு, பலன் வேறு கணக்கு என்றாகிறது.

இதை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்ளலாம். தோல் விழும் வாய்ப்பு 20 விழுக்காடு என்று கொள்வோம். சராசரியாக 5 பன்றிக்கு ஒரு தோல் கிடைக்க வேண்டும். ஆனால் 1000 பேர் ஆளுக்கு 5 பன்றிகளைக் கொன்றால், ஏறத்தாழ 328 பேருக்கு ஒரு தோல்கூடக் கிடைத்திராது. 10 பன்றிகளுக்குப் பிறகும் 107 பேர் வெறுங்கையுடன் நிற்பர். 20 பன்றிகளுக்குப் பிறகும் 12 பேர் மிஞ்சுவர். அந்த 12 பேரும் தவறேதும் செய்யவில்லை. வாய்ப்பு 1 விழுக்காடாக இருந்தால், 100 முறை முயன்றவர்களிலும் 37 விழுக்காட்டினருக்கு ஒன்றும் கிடைக்காது.

"இவ்வளவு நேரம் விழவில்லை, அடுத்ததில் கட்டாயம் விழும்" என்ற எண்ணம் இங்கேதான் பிறக்கிறது. முந்தைய தோல்விகளைக் குலுக்கல் நினைவில் வைப்பதில்லை. இருபத்தொன்றாம் பன்றிக்கும் அதே 20 விழுக்காடுதான்.

பொதுவான இடர்ப்பாடுகள்

வழி தெரியாமை: வார்கிராஃப்டில் மான்கிரிக் என்ற பாத்திரம், போரில் காணாமற்போன தன் மனைவியைத் தேடித் தரும்படி கேட்கும். இடம் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்காது. அப்பகுதியின் அரட்டையில் "மான்கிரிக்கின் மனைவி எங்கே?" என்ற கேள்வி ஓயாமல் வந்து, பிற்காலத்தில் ஆடுபவர்களிடையே கேலிப் பேச்சாகவே நிலைத்துவிட்டது.

கூட்டம்: ஒரு குறிப்பிட்ட விலங்கையே அனைவரும் கொல்ல வேண்டியிருந்தால், முதலில் தாக்கியவருக்கே பலன் கிடைக்கும், மற்றவர்கள் அது மீண்டும் தோன்றும்வரை காத்திருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் பழைய வார்கிராஃப்ட் 'கிளாசிக்' என்ற பெயரில் மீண்டும் வெளியானபோது, ஆடுபவர்கள் தாமாகவே ரேஷன் கடையில் நிற்பதுபோல் விளையாட்டுக்குள் வரிசைகட்டி நின்றனர்.

வழித்துணைப் பணி: ஒரு பாத்திரத்தைப் பத்திரமாக ஓரிடத்துக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அது ஆடுபவரின் வேகத்துக்கு நடக்காது. எதிரிகளின் நடுவே தானாகப் போய் நிற்கும். அது இறந்தால் பணி முதலிலிருந்து தொடங்கும்.

தொடர்ப்பூட்டு: ஒரு பணியை முடித்தால்தான் அடுத்தது திறக்கும். ஜென்ஷினில் ஒரு பாத்திரம் வேறொரு பணியில் ஈடுபட்டிருந்தால், அதை முடிக்கும்வரை தற்போதைய பணி நின்றுவிடுவதுண்டு.

தொலைவு: சர்வர் வெளிநாட்டில் இருந்தால், விசையை அழுத்துவதற்கும் வாள் வீசுவதற்கும் இடையே தாமதம் ஏற்படும். கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 இலட்சம் கி.மீ. செல்கிறது. எனவே ஒவ்வொரு 1000 கி.மீ. தொலைவுக்கும் போய்வரக் குறைந்தது நொடியில் நூறில் ஒரு பங்கு தேவை. எவ்வளவு நல்ல இணைப்பானாலும் இதைக் குறைக்க முடியாது. மேலும் குழுவாகச் செய்யும் பணிகளுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வர வேண்டும். ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவில் வீடு திரும்பும் இளைஞருக்கு, வேறு நாட்டுக் குழுவின் நேரத்தோடு பொருந்துவது கடினம்.

வடிவமைத்தவர் சொன்னது

2009-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில், வார்கிராஃப்டின் வடிவமைப்பாளர்களில் ஒருவரான ஜெஃப் கப்லான் தம் குழுவின் தேடற்பணித் தவறுகளைப் பட்டியலிட்டார். ஒரு நூலின் கிழிந்த பக்கங்களைக் காடு முழுவதும் தேடிச் சேர்க்கும் 'கிரீன் ஹில்ஸ் ஆஃப் ஸ்டிராங்கிள்தார்ன்' என்ற பணியை மிக மோசமான ஒன்றாகக் காட்டி, அதை உருவாக்கியவர் தாமே என்றும் கூறினார். பக்கங்கள் ஒவ்வொன்றும் பையில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்வதும், வேண்டிய பக்கம் மட்டும் கிடைக்காமல் போவதும் அப்பணியின் குறைகள்.

திருத்தங்கள்

2009 டிசம்பரில் வார்கிராஃப்டின் வரைபடத்திலேயே பணிக்குரிய இடங்கள் காட்டப்பட்டன. 2012 ஆகஸ்டில் வந்த கில்ட் வார்ஸ் 2, போரில் பங்கெடுத்த எல்லோருக்கும் பலன் தரும் முறையைக் கொண்டுவந்தது. சில விளையாட்டுகளில் ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் வாய்ப்பு விழுக்காடு சற்று கூட்டப்படுகிறது. திருத்தங்களால் இழப்பும் உண்டு. வரைபடத்தில் குறி வந்தபின் கதையைப் படிப்போரும், பிறரிடம் வழி கேட்போரும் குறைந்தனர்.

பணமும் சட்டமும்

பொறுமை இழந்தவரிடம் குறுக்குவழி விற்கப்படும் இடத்தில்தான் எரிச்சல் செலவாக மாறுகிறது. ஜென்ஷினில் புதிய பாத்திரங்களைப் பெறும் குலுக்கலைப் பணம் கொடுத்தும் போடலாம். பாத்திரக் குலுக்கலில் 90 முறைக்குள் ஓர் ஐந்து நட்சத்திரப் பரிசு உறுதி. ஆனால் அது விரும்பிய பாத்திரமாகவே இருக்கும் என்பது உறுதியில்லை. பணம் கொடுத்துத் திறக்கும் இத்தகைய அதிர்ஷ்டப் பெட்டிகள் சிலவற்றைப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் சூதாட்டம் என அறிவித்தது.

தமிழ்நாட்டில் 2025-இல் வந்த விதிமுறைகள், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 18 வயதுக்குட்பட்டோருக்குத் தடை செய்தன. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை அவற்றில் நுழைவதற்கும் தடை விதித்தன. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இவ்விதிகள் செல்லும் என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமும் பண விளையாட்டுகளை மின் விளையாட்டுப் போட்டிகளிலிருந்தும் பொழுதுபோக்கு விளையாட்டுகளிலிருந்தும் பிரித்தே பார்க்கிறது. பந்தயம் இல்லாத தேடற்பணி விளையாட்டுக்கு இந்த நள்ளிரவுத் தடை பொருந்தாது. அங்கே நேரத்தை வரையறுப்பது ஆடுபவர், வீட்டார் ஆகியோரின் பொறுப்பாகிறது.

கவனிக்க வேண்டியவை

பணியை ஏற்கும் முன்பே எத்தனை முறை முயல்வது என்று எண்ணிக்கை வைத்துக்கொள்வது பயன் தரும். 20 முறை என்று முடிவு செய்தவர், 20-இல் கிடைக்காவிட்டால் நிறுத்தலாம். வாய்ப்பு மறுநாளும் அதே அளவில் இருக்கும். குழுப் பணியின் நடுவே பிள்ளையை எழுப்பினால் உடன் ஆடும் மற்றவர்களின் பணியும் கெடும். ஆதலால் பெற்றோர் சண்டையிடுவதைவிட, பணி தொடங்கும் முன்பே முடிக்கும் நேரத்தைப் பேசிக்கொள்வது நல்லது.

உலக சுகாதார அமைப்பின் 2022 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாடு, விளையாட்டுக் கோளாறுக்கு மூன்று அடையாளங்களைக் கூறுகிறது. அவை: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கு முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல். இவை வழக்கமாகப் பன்னிரண்டு மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். ஒரு தோல் கிடைக்காத கோபம் நோயன்று. பள்ளி, வேலை, உறக்கம் ஆகியவை தொடர்ந்து கெட்டும் நிறுத்த முடியாத நிலையில் மனநல மருத்துவரை அணுக வேண்டும்.