'கேசுவல்' என்னும் சொல்லும் அதன் எதிர்ச்சொற்களும்

திருப்பூரை அடுத்த மங்கலம் விசைத்தறி மிக்க ஊர். அவ்வூரைச் சூழ்ந்த பின்னலாடை வட்டாரத்தில் ஆடை, விடுப்பு, வேலை ஆகிய மூன்றற்கும் 'கேசுவல்' என்னும் ஒரே அடைமொழி வழங்கக் காண்கின்றோம். அதற்கு எதிர்ச்சொல் யாது என வினவின், ஒரு சொல்லால் விடை கூறுதல் இயலாது. பலபொருள் ஒருசொல் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியப்படும் என்பது தொல்காப்பியக் கிளவியாக்கத்தின் கொள்கை. எதிர்ச்சொல்லும் அவ்வாறே தெளியற்பாலது என்பது நம் கருத்து.

இச்சொல் 'விழுதல்' எனப் பொருள்படும் இலத்தீன் வினையடியாகப் பிறந்தது. எதிர்பாராது வந்து விழுவது என்பது பழம்பொருள். (வேற்றுமையைக் குறிக்கும் 'கேஸ்' என்னும் ஆங்கில இலக்கணச் சொல்லும் அவ்வடியினதே.) அப்பொருட்குத் தமிழில் 'தற்செயல்' நேராம்; 'கருதிச் செய்தது' எதிராம். ஆடையைச் சாருங்கால் எளிய உடை என்றாகும்; திருப்பூரினின்று ஏற்றுமதியாகும் டி-சட்டை முதலியன இவ்வகையின. இதன் எதிர் 'முறைசார்ந்த உடை'. விடுப்பைச் சாரின் 'தற்செயல் விடுப்பு' என்பது அலுவலக வழக்கு. அதற்கு எதிராக நிற்பது 'ஈட்டிய விடுப்பு'. முன்னரே விண்ணப்பித்துப் பெறுவதும் தற்செயல் எனப்படுதல் வழக்கின் வலிமையே போலும்.

தொழிலாளரைச் சாருங்காலே சிக்கல் மிகுகின்றது. ஈண்டுத் 'தற்காலிகம்' என்பர். தற்செயலில் உள்ள 'தற்' தமிழ்த் 'தன்'; தற்காலிகத்தில் உள்ளது வடமொழித் 'தத்'. ஓசை ஒன்றாயினும் பிறப்பு வேறு. தற்காலிகம் காலத்தைக் குறித்தலின் 'நிரந்தரம்' அதற்கு எதிர் எனக் கொள்ளப்பட்டது. ஆயின் ஒரே ஆலையில் பல்லாண்டு உழைத்தவரும் பதிவேட்டில் தற்காலிகராகவே நிற்றல் கூடும். அவர் உழைத்த காலம் நீண்டது, உரிமையோ இல்லை. எனவே இவ்விரு சொற்களின் முரண் காலம்பற்றியதன்று, உரிமைபற்றியது எனல் வேண்டும்.

நிரந்தரத் தகுதி வழங்கும் தமிழ்நாட்டு 1981ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தெளிவாக்கும். 24 மாதங்களுள் 480 நாள் தொடர்பணி செய்தாரை நிரந்தரமாக்குக என்பது அதன் விதி. நாட்கணக்கை உரிமையாக மாற்றுவது அவ்விதியே. நாட்கள் தாமே மாற்றுவதில்லை. வருகைப் பதிவு இல்லாதார்க்கு அக்கணக்கை மெய்ப்பித்தல் அரிது.

இனி, பனியன் தொழிலாளர் நாவில் பயிலும் இணை வேறு: 'பீஸ் ரேட்', 'ஷிப்ட்'. முன்னது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி. பின்னது உழைத்த நேரத்திற்குக் கூலி. இவ்விரண்டும் கூலிமுறையைக் குறிக்குமேயன்றி நிரந்தரம் பற்றி ஒன்றும் கூறா. ஆதலின் அகராதி செய்வோர் தொழில்சார்ந்த பொருளின்கீழ் 'நிரந்தரம்' என்பதனோடு 'பணியுரிமை பெற்றவர்' என்பதனையும் எதிர்ச்சொல்லாகச் சேர்த்தல் தகும்.