விடியலில் கடல், நள்ளிரவில் வெற்றி!
நீந்தி, சைக்கிள் மிதித்து, ஓடி முடிக்க 17 மணி நேரம்

காஞ்சிபுரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும்.

பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதர் கோவில் இருக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோவில் இருக்கிறது. இரண்டுக்கும் இடையே சுமார் 4 கிலோ மீட்டர் தூரம். வெயில் நேரத்தில் நடந்தாலே மூச்சு வாங்கும்.

கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்தை ஒருவர் கடலில் நீந்திக் கடக்க வேண்டும்.

கரை ஏறியதும் படுத்துவிடக் கூடாது. ஈரம் சொட்டச் சொட்டச் சைக்கிளில் ஏற வேண்டும். காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பினால் ஏறத்தாழ 150 கிலோ மீட்டர். அதற்கு மேலும் 30 கிலோ மீட்டர் மிதிக்க வேண்டும்.

சைக்கிளை விட்டு இறங்கியதும் ஓட வேண்டும். எவ்வளவு தூரம்? காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போகும் தூரத்தை விடச் சற்று அதிகம்!

இவை எல்லாம் ஒரே நாளில்!

"இது மனிதனால் ஆகிற காரியமா?" என்று கேட்கத் தோன்றும்.

ஆகிற காரியம்தான். உலகம் முழுவதும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் இதைச் செய்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் விளையாட்டையே தொழிலாகக் கொண்டவர்கள் அல்ல. ஆசிரியர், வியாபாரி, குமாஸ்தா, டாக்டர், குடும்பத் தலைவி என்று நம்மைப் போன்றவர்கள்தான். வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு, விடியற்காலையில் எழுந்து பயிற்சி செய்கிறவர்கள்.

இந்தப் பந்தயத்துக்கு "டிரையத்லான்" என்று பெயர். அதில் இவ்வளவு நீளமான பந்தயத்தை முடித்தவருக்கு "இரும்பு மனிதர்" என்று பட்டம்.

வாக்குவாதத்தில் பிறந்தது

இந்தப் பந்தயம் பிறந்த கதை வேடிக்கையானது.

பசிபிக் கடலில் உள்ள ஹவாய்த் தீவுகள் அமெரிக்காவைச் சேர்ந்தவை. 1977-ம் ஆண்டு அங்கே ஒரு பரிசளிப்பு விழா நடந்தது. ஓட்டக்காரர்களும் நீச்சல்காரர்களும் வந்திருந்தார்கள். "உடல் வலிமை யாருக்கு அதிகம்? ஓடுகிறவனுக்கா? நீந்துகிறவனுக்கா? சைக்கிள் விடுகிறவனுக்கா?" என்று வாக்குவாதம் மூண்டது.

கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தத் தீவில் மூன்று பந்தயங்கள் தனித்தனியே இருந்தன. அந்த மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே நாளில் வைத்தால் என்ன? அவரும் அவர் மனைவி ஜூடியும் சேர்ந்து அதற்கு ஏற்பாடு செய்தார்கள்.

1978-ம் ஆண்டு பிப்ரவரி 18-ந் தேதி பந்தயம் நடந்தது. கடலில் இறங்கியவர்கள் 15 பேர். முடித்தவர்கள் 12 பேர்.

அன்று ஓட்டத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்தவர் ஜான் டன்பார். வழியில் அவருக்குத் தண்ணீர் தீர்ந்துபோயிற்று. உடன் வந்த நண்பர்கள் பீரைக் கொடுத்தார்கள். குடித்தவர் தள்ளாடினார்! பின்னால் வந்த கார்டன் ஹாலர் அவரை முந்தினார். 11 மணி 46 நிமிடம் 58 விநாடியில் முடித்து, முதல் "இரும்பு மனிதர்" ஆனார்.

முடித்த 12 பேரில் ஜான் காலின்சும் ஒருவர்!

கடிகாரமே எதிரி

இன்று இந்தப் பந்தயத்துக்கு அளவு உண்டு. நீச்சல் 3.8 கிலோ மீட்டர். சைக்கிள் 180 கிலோ மீட்டர். ஓட்டம் 42.2 கிலோ மீட்டர். மொத்தம் 226 கிலோ மீட்டர்.

இதற்குத் தரும் நேரம் பொதுவாக 17 மணி. காலை 7 மணிக்குக் கடலில் இறங்கினால் நள்ளிரவு 12 மணிக்குள் முடிக்க வேண்டும். இடையிலும் கெடு உண்டு. நீச்சலை 2 மணி 20 நிமிடத்துக்குள் முடிக்காதவரைப் பெரும்பாலான பந்தயங்களில் மேலே விட மாட்டார்கள்.

முதல் பரிசு வாங்குகிறவர் சுமார் 8 மணி நேரத்தில் முடித்துவிடுவார். மற்றவர்களுக்கு அவர் எதிரி அல்ல. கடிகாரம்தான் எதிரி. நள்ளிரவுக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்தாலும் அவர் "இரும்பு மனிதர்"தான்! அதனால்தான் கடைசியில் வருகிறவர்களைப் பார்க்கக் கூட்டம் கலையாமல் நிற்கிறது.

நெசவாளிக்குத் தெரிந்த ரகசியம்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையில் மூன்று பகுதிகள் உண்டு: உடல், கரை, முந்தானை. ஒவ்வொன்றும் அழகாக இருந்தால் மட்டும் போதாது. உடலும் கரையும் சேரும் இடத்தில் இழையோடு இழை கோர்த்து நெய்ய வேண்டும். அதுதான் "கோர்வை." கோர்வை உறுதியாக இருந்தால்தான் சேலை நிலைக்கும்.

இந்தப் பந்தயமும் அப்படியே. நன்றாக நீந்துகிறவர் இருப்பார். நன்றாக ஓடுகிறவர் இருப்பார். ஆனால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் இடத்தில்தான் சோதனை!

பல மணி நேரம் சைக்கிள் மிதித்த கால்கள் தரையில் பட்டதும் மரக்கட்டை போல் ஆகிவிடும். ஓடு என்றால் ஓடாது. ஆகையால் சைக்கிள் விட்டு இறங்கிய உடனே கொஞ்ச தூரம் ஓடிப் பழகுகிறார்கள்.

முதலிலேயே வேகமாகப் போனவர் முடிவில் உட்கார்ந்துவிடுவார். குழித்தறியில் உட்கார்ந்து பல நாள் மிதித்து ஒரு சேலையை முடிக்கும் நெசவாளிக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே நாளில் அவசரப்பட்டால் இழைதான் அறும்.

தவழ்ந்து வந்த மாணவி

1982-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் ஹவாயில் நடந்த பந்தயத்தில் ஜூலி மாஸ் என்ற மாணவி கலந்துகொண்டார். வயது 23. கல்லூரி ஆராய்ச்சிக்காகவே அவர் இதில் இறங்கினார்.

பெண்களில் அவர்தான் முதலாவதாக வந்துகொண்டிருந்தார். எல்லைக்கோடு கண்ணுக்குத் தெரிந்தது. திடீரென்று கால்கள் மடங்கின. விழுந்தார். எழுந்தார். மறுபடியும் விழுந்தார்.

அந்த நேரத்தில் காத்லீன் மக்கார்ட்னி என்ற பெண் அவரைத் தாண்டி ஓடி வெற்றி பெற்றார்.

ஜூலி என்ன செய்தார்? கைகளை ஊன்றித் தவழ்ந்தார்! தவழ்ந்தபடியே எல்லைக்கோட்டைத் தொட்டார். முதல் பரிசு 29 விநாடியில் போயிற்று. ஆனால் அந்தக் காட்சியை டெலிவிஷனில் பார்த்த பலர், "நாமும் செய்து பார்ப்போம்" என்று கிளம்பினார்கள். இந்தப் பந்தயத்தின் புகழ் பரவியது அதற்குப் பிறகுதான்.

ஆழிக்குமரன்

தமிழர்களில் இப்படிப்பட்ட நெஞ்சுரம் கொண்ட ஒருவர் இருந்தார். அவர்தான் ஆழிக்குமரன் ஆனந்தன். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த வல்வெட்டித்துறையில் 1943-ம் ஆண்டு பிறந்தவர். தொழில் வக்கீல்.

1971-ம் ஆண்டு அவர் இலங்கைக் கரையிலிருந்து தமிழ்நாட்டுக் கரைக்குப் பாக் ஜலசந்தியை நீந்திக் கடந்தார். அதோடு விட்டாரா? திரும்பவும் நீந்தியே போனார்! போக வர 51 மணி நேரம்.

1979-ம் ஆண்டு மே மாதம் கொழும்பில் உள்ள விகாரமகாதேவி பூங்காவில் சைக்கிளில் ஏறினார். 187 மணி நேரம் இறங்கவில்லை. கிட்டத்தட்ட 8 நாட்கள்! 1981-ம் ஆண்டு சென்னையில் அண்ணா நீச்சல் குளத்தில் 80 மணி நேரம் தண்ணீரில் மிதந்தார்.

நீச்சல் தனி, சைக்கிள் தனி என்று அவர் செய்த சாதனைகள் இவை. வக்கீல் தொழில் பார்த்த ஒருவர் உடம்பை எவ்வளவு தூரம் பழக்க முடியும் என்பதற்கு அவர் சாட்சி.

அவர் முடிவு துயரமானது. 1984-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் நடுவே உள்ள ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்க முயன்றார். அந்த முயற்சியில் உயிர் இழந்தார். அப்போது வயது 41.

கடலுக்கு வீரன் என்றும் கோழை என்றும் வித்தியாசம் கிடையாது. எவ்வளவு பழகியவரும் கடலுக்கு அஞ்சித்தான் இறங்க வேண்டும்.

முதலில் டாக்டர், பிறகு சைக்கிள்

இந்தப் பந்தயங்களில் நேர்ந்த திடீர் மரணங்களில் பெரும்பாலானவை நீச்சலின்போதே நேர்ந்திருக்கின்றன. ஆகையால் ஆசைப்படுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் போக வேண்டும். இருதயத்தைச் சோதித்துக்கொள்ள வேண்டும். நெஞ்சு வலித்தால், தலை சுற்றினால், அந்த இடத்திலேயே நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவது அவமானம் அல்ல.

தனியாக ஏரியிலோ கடலிலோ நீந்தக் கூடாது. தலைக்கவசம் இல்லாமல் சைக்கிளில் ஏறக் கூடாது. இன்னொன்றும் உண்டு. வியர்வையோடு உப்பும் போகிறது. வெறும் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் உப்பு குறைந்து உயிருக்கே ஆபத்து வரலாம்.

சிறியதில் தொடங்குவதே நல்லது. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோ மீட்டர் சைக்கிள், 5 கிலோ மீட்டர் ஓட்டம் என்று குட்டிப் பந்தயமும் உண்டு. 2000-ம் ஆண்டு சிட்னியில் ஒலிம்பிக்கில் சேர்ந்தது நடுத்தரப் பந்தயம்: 1.5 கிலோ மீட்டர் நீச்சல், 40 கிலோ மீட்டர் சைக்கிள், 10 கிலோ மீட்டர் ஓட்டம்.

நடிகர் மிலிந்த் சோமன் 2015-ம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் முழுப் பந்தயத்தையும் முடித்தார். 49 வயதில், 15 மணி 19 நிமிடத்தில்! பெரிய பந்தயத்தில் சரிபாதி தூரம் கொண்ட பந்தயம் 2019-ம் ஆண்டு கோவாவில் நடந்தது. அதன் பிறகு இதற்காக வெளிநாடு போக வேண்டிய தேவை குறைந்தது.

நூற்றில் ஒரு பங்கு

கடைசியாக ஓர் இளைஞரின் கதை. பெயர் கிரிஸ் நிகிக். அமெரிக்காவில் புளோரிடாவைச் சேர்ந்தவர். "டவுன் சிண்ட்ரோம்" என்ற நிலையோடு பிறந்தவர். குழந்தையாக இருந்தபோதே இருதயத்தில் ஆபரேஷன் நடந்தது. இவரால் என்ன முடியும் என்று பலர் நினைத்தார்கள்.

தந்தையும் மகனும் ஒரு கணக்குப் போட்டார்கள். "நேற்றை விட இன்று நூற்றில் ஒரு பங்கு கூடுதலாகச் செய்வோம். அது போதும்." தொடக்கத்தில் ஒரு தண்டால் எடுக்கவே அவர் திணறினார். மறுநாள் இரண்டு. அதற்கு மறுநாள் மூன்று. இப்படியே ஏறினார்.

2020-ம் ஆண்டு நவம்பர் 7-ந் தேதி, 21 வயதில், அவர் கடலில் இறங்கினார். துணைக்கு ஒருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு கூடவே நீந்தினார். சைக்கிளிலிருந்து கிரிஸ் கீழே விழுந்தார். எறும்புகள் கடித்தன. முழங்காலில் ரத்தம் வழிந்தது. இருட்டிவிட்டது. அப்படியும் நிற்கவில்லை.

16 மணி 46 நிமிடம் 9 விநாடியில் எல்லைக்கோட்டைத் தாண்டினார். கெடுவுக்கு இன்னும் சுமார் 14 நிமிடம் இருந்தது! டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் இதை முடித்த முதல் மனிதர் அவர்தான்.

தறியில் ஒரு நாளைக்கு வளருவது கொஞ்சம் துணிதான். விட்டுவிடாமல் நெய்தால் ஒரு நாள் அது முழுச் சேலையாகத் தறியிலிருந்து இறங்கும். காஞ்சிபுரத்துத் தெருக்களில் தினமும் நடக்கிற இந்தக் காரியத்தைத்தான் கிரிஸ் நிகிக் கடலிலும் சாலையிலும் செய்து காட்டினார்.