அலுவல் பட்டியல்: மக்களவையின் ஒரு நாள்

பாலக்கோட்டுப் பேருந்து நிலையத்தில் ஒரு மாலைப்பொழுதில் மாணவர் சிலருடன் நாம் காத்திருந்தோம். சென்னைக்குச் செல்ல வேண்டும்; அதற்குத் தருமபுரி வழியாக மொரப்பூர் சென்று இரயில் ஏறவேண்டும். அருகில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், படித்துக்கொண்டிருந்த நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "ஏன் தம்பி, இந்தப் பார்லிமெண்டில் கூச்சல் போடுவதைத் தவிர நாள் முழுக்க வேறு என்னதான் செய்கிறார்கள்?" என்று வினவினார். மாணவர்கள் நகைத்தனர். நமக்கு அந்நகைப்பில் கலந்துகொள்ள மனம் வரவில்லை. பெரியவரின் கேள்வி நியாயமானது. பட்டப்படிப்பை முடிக்கும் நிலையில் உள்ள மாணவரைக் கேட்டாலும், "சட்டம் இயற்றுகிறார்கள்" என்னும் ஒரு வரிக்கு மேல் விடை கிடைப்பதரிது. அன்று பேருந்து வந்துவிட்டமையால் சொல்லாமல் விட்டதை இங்குச் சொல்ல முற்படுகின்றோம்.

மக்களவையில் ஒரு நாளில் நடைபெற வேண்டியவை அனைத்தும் முன்கூட்டியே அச்சிடப்பட்டு உறுப்பினர்களுக்கு வழங்கப்படுகின்றன. அதற்கு அலுவல் பட்டியல் என்று பெயர். எம்மசோதாவிற்கு எத்தனை மணி நேரம் என்பதை, அவைத்தலைவரின் தலைமையில் பல கட்சியினரும் அமர்ந்துள்ள அலுவல் ஆய்வுக்குழு பரிந்துரைக்கும். திருமண அழைப்பிதழில் நிகழ்ச்சி நிரல் இருப்பது போன்றதே இதுவும். ஆனால் எந்தத் திருமணத்தில்தான் நிரலில் கண்டபடி எல்லாம் நடக்கிறது?

வழக்கமாக அவை காலை 11 மணிக்குக் கூடும். மறைந்த உறுப்பினர்களுக்கு இரங்கல் குறிப்பு இருப்பின் அது முதலில் இடம்பெறும். அதன்பின் பகல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையிலும் முன்பு இவ்வாறே இருந்தது. காலையிலேயே அமளி எழுந்து கேள்வி நேரம் வீணாவது தொடர்கதையானமையால், 2014ஆம் ஆண்டின் குளிர்காலக் கூட்டத்தொடர் முதல் அங்கு அது நண்பகல் 12 மணிக்கு மாற்றப்பட்டது.

கேள்விகள் இருவகைப்படும். நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து நின்று வாய்மொழியாக விடையளிக்க வேண்டும். அக்குறியில்லாதவற்றிற்கு எழுத்து வடிவில் விடை வரும். மக்களவையில் ஒரு நாளைக்கு முன்னவை 20, பின்னவை 230. உறுப்பினர் ஒருவர் பெயரில் ஒரு நாளில் ஒரு நட்சத்திரக் கேள்விதான் இடம்பெறலாம். பதினைந்து நாள்களுக்கு முன்னரே அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். வருகின்ற அறிவிப்புகளோ மிகப்பல. எனவே எது முதலில் நிற்பது என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானிக்கின்றது. அமைச்சகங்கள் ஐந்து பிரிவாக வகுக்கப்பட்டு, வாரத்தின் ஐந்து நாள்களுக்கும் பங்கிடப்பட்டுள்ளன. எல்லாவற்றையும் எல்லா நாளும் கேட்டுவிட இயலாது.

ஓர் உதாரணத்தின் வழியாக இதனை விளக்குவோம். மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906ஆம் ஆண்டில் ஒரு குறுகிய இருப்புப்பாதை தொடங்கப்பெற்றது. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப்போரின்போது, 1941இல், அது மூடப்பட்டது. பிற்காலத்தில் சேலத்திலிருந்து தருமபுரி, பாலக்கோடு வழியாகப் பெங்களூருக்கு இருப்புப்பாதை அமைந்துவிட்டது. ஆயினும் மொரப்பூர் – தருமபுரி இணைப்பு மட்டும் அறுந்தே கிடந்தது. சென்னை – சேலம் முதன்மைப் பாதையில் ஏற விரும்புவோர், அன்று நாம் காத்திருந்தது போலப் பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்பாதையை மீண்டும் அமைத்திட வேண்டும் என்னும் கோரிக்கை மக்களவையில் பலமுறை எழுப்பப்பட்டு, 2019ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில்தான் அடிக்கல் நாட்டப்பட்டது. மூடியதற்கும் அடிக்கல்லுக்கும் இடையே எழுபத்தெட்டு ஆண்டுகள்.

இத்தகைய ஊர்க்கோரிக்கை ஒன்று அவைக்குள் நுழைவதற்கு எத்தனை வாயில்கள் உள? முதல் வாயில் மேற்கூறிய கேள்வி. குறியில்லாத கேள்வியாகக் கேட்டால், "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு தாளில் விடை வரும். அதே கேள்வி நட்சத்திரக் குறியுடன் குலுக்கலில் மேலே வந்தால் நிலைமை வேறு. அமைச்சர் ஆயத்த விடையை அவையில் வைத்தபின், உறுப்பினர் எழுந்து துணைக்கேள்வி கேட்கலாம். "பரிசீலனை எந்த ஆண்டில் தொடங்கியது? நிலம் எடுக்க எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது? தொகை குறைவெனில் ஏன் குறைவு?" இவற்றுக்கு அச்சிட்ட விடை அமைச்சரின் கையில் இராது. துறைச் செயலர்கள் கோப்புகளுடன் அதிகாரிகள் மாடத்தில் அமர்ந்து சீட்டு எழுதி அனுப்புவதும் இதன்பொருட்டே. கேள்வி நேரத்தின் உயிர்நாடி கேள்வியில் இல்லை, துணைக்கேள்வியில் இருக்கிறது என்பது நம் கருத்து.

இதற்கு வரலாற்றுச் சான்று உண்டு. அதில் தொடர்புடையவரும் தமிழகத்தவரே. ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம், முந்திரா என்னும் தொழிலதிபரின் நிறுவனங்களில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய் அளவிற்கு முதலீடு செய்யப்பட்டது குறித்து, 1957ஆம் ஆண்டு செப்டம்பரில் மக்களவையில் ஒரு கேள்வி எழுந்தது. கிடைத்த விடை தெளிவாக இல்லை. உறுப்பினர்கள் விடவில்லை. ஆளுங்கட்சியைச் சேர்ந்த பெரோசு காந்தி, அதுவும் பிரதமர் நேருவின் மருமகன், டிசம்பரில் அவையில் விரிவாகப் பேசி அதனைப் பெரும் விவாதமாக்கினார். நீதிபதி சாக்ளா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அத்தனைக்கும் தோற்றுவாய் பட்டியலில் இருந்த ஒற்றைக் கேள்வி!

ஆனால் நாள்தோறும் பட்டியலிடப்படும் இருபதில் ஐந்தாறு கேள்விகளே வாய்மொழி விடையை எட்டுகின்றன. இருபதும் ஒரே நாளில் எடுத்துக்கொள்ளப்பட்ட 2019 நவம்பர் 27ஆம் நாள், 1972க்குப் பின் முதன்முறை என்று நாளிதழ்கள் வியந்து எழுதின. அமளியால் அவை ஒத்திவைக்கப்பட்டால், எட்டாத கேள்விகளுக்கும் எழுத்து வடிவ விடை அவையில் வைக்கப்பட்டுவிடும். அதாவது தாள் வந்துவிடும், துணைக்கேள்வி வராது. இழப்பு எங்கே நிகழ்கிறது என்பதை வாசகர்கள் கூர்ந்து நோக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு அமைச்சர்கள் ஆண்டறிக்கைகளையும் அறிவிக்கைகளையும் அவையில் வைப்பர். பெயரளவிலான சடங்கு போலத் தோன்றினும், ஓர் அறிக்கை அவையில் வைக்கப்பட்ட பின்னரே அது நாடறிந்த ஆவணமாகின்றது. அதன்பின் வருவது பூஜ்ய நேரம் என வழங்கும் பொழுது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாளிதழ்களில் நாள்தோறும் அடிபடும் இப்பெயர் மக்களவையின் நடைமுறை விதிகளில் எங்கும் இல்லை. 1960களில் தானே முளைத்த வழக்கம் அது. அன்று காலையிலேயே அறிவிப்புத் தந்து, அவசரமான பொதுப்பிரச்சினையை ஓரிரு நிமிடங்களில் எழுப்பலாம். அமைச்சர் அப்பொழுதே விடை கூறக் கடமைப்பட்டவர் அல்லர். பாலக்கோட்டில் தக்காளி விலை வீழ்ந்து, பறிகூலிக்கும் கட்டுபடியாகாமல் விவசாயிகள் தவிக்கும்போது, பதினைந்து நாள் காத்திருக்க முடியாத உறுப்பினருக்கு இதுவே வாயில். எழுதிக் கொடுத்துப் படிக்கும் 377ஆம் விதி மற்றொரு வாயில். அமைச்சரின் கவனத்தை ஈர்த்து அவரிடமிருந்து அறிக்கை பெறும் கவன ஈர்ப்புத் தீர்மானம், நம் நாட்டிலேயே 1954இல் உருவாக்கப்பட்ட வழிமுறை என்பது பெருமைக்குரியது.

உணவு இடைவேளைக்குப்பின் 2 மணியளவில் சட்டமியற்றும் பணி. மசோதாவை அறிமுகம் செய்தல், பொது விவாதம், ஒவ்வொரு பிரிவாக ஆராய்தல், நிறைவேற்றல் என்னும் படிகளைப் பாடநூல்களிலேயே காணலாம், விரிவஞ்சி விடுக்கின்றோம். ஒன்று மட்டும் கூறுதல் தகும். அரசு விரும்பினால் மாலை 6 மணியோடு அவை முடியவேண்டும் என்பதில்லை. 2025 ஏப்ரல் 2ஆம் நாள் எடுத்துக்கொள்ளப்பட்ட வக்பு திருத்த மசோதாவின் விவாதம் நள்ளிரவைக் கடந்து நீண்டு, 288க்கு 232 என்னும் வாக்குகளில் நிறைவேறியதைப் பலரும் கண்விழித்துக் கண்டோம். மறுபுறம், வேளாண் சட்டங்களை நீக்கும் மசோதா 2021 நவம்பர் 29ஆம் நாள் ஈரவைகளிலும் விவாதமின்றியே சில நிமிடங்களில் நிறைவேறியது. அரசின் அலுவலுக்கு நேரம் நீளவும் செய்யும், சுருங்கவும் செய்யும். அமளிக்கு நடுவே குரல் வாக்கெடுப்பிலும் அது முடிந்துவிடும்.

தனி உறுப்பினருக்கு அவ்வாறில்லை. அமைச்சரல்லாத உறுப்பினர் எவரும், அவர் ஆளுங்கட்சியினராயினும், தனி உறுப்பினரே ஆவார். அவர்கள் கொணரும் மசோதாக்களுக்கும் தீர்மானங்களுக்கும் உரியது வெள்ளிக்கிழமையின் இறுதி இரண்டரை மணி நேரம் மட்டுமே. ஒரு வெள்ளி மசோதா, மறுவெள்ளி தீர்மானம் என மாறிமாறி வரும். உறுப்பினர் பலர் தத்தம் தொகுதிக்குப் பயணமாகிவிடும் பொழுது அது. அவையில் மொத்த உறுப்பினருள் பத்திலொரு பங்கினர், அதாவது 55 பேரேனும் இருத்தல் வேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கைக்கும் ஆளின்றி அவை கலைந்த வெள்ளிக்கிழமைகள் உண்டு.

இத்தகைய வெள்ளிக்கிழமையால் என்ன பயன் என்று கேட்பாருக்கு இரண்டு செய்திகளைக் கூறலாம். விடுதலைக்குப்பின் தனி உறுப்பினர் கொணர்ந்து சட்டமான மசோதாக்கள் பதினான்கே. அவற்றுள் முதலாவது, சையத் முகமது அகமது காசுமி என்னும் உறுப்பினர் 1952இல் அறிமுகம் செய்த முஸ்லிம் வக்பு மசோதா. அது 1954இல் சட்டமாயிற்று. 1995ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை நம் பள்ளிவாசல்கள், தர்காக்களின் சொத்துகளுக்கு அதுவே அடிப்படை. பள்ளிவாசல் நிருவாகத்தில் ஈடுபட்டுள்ள பெரியோர்களுள்ளும் இதனை அறிந்தோர் சிலரே.

மற்றொன்று அண்மைக்காலத்தது. 1970க்குப் பின் தனி உறுப்பினர் மசோதா எதுவும் சட்டமாகவில்லை. 2015 ஏப்ரல் 24, வெள்ளிக்கிழமை. மாநிலங்களவையில் தமிழகத்தைச் சேர்ந்த திருச்சி சிவா, திருநங்கையர் உள்ளிட்ட மூன்றாம் பாலினத்தவரின் உரிமைகளுக்காகத் தாம் கொணர்ந்த மசோதாவைத் திரும்பப் பெறாமல் உறுதியாக நின்றார். அரசு கேட்டுக்கொண்டால் திரும்பப் பெற்றுக்கொள்வதே பெரும்பாலும் வழக்கம். அன்று அவை ஒருமனதாக அதனை நிறைவேற்றியது. மக்களவையில் அது நிறைவேறவில்லை என்பது உண்மையே. ஆயினும் அதன்பின் அப்பொருளைத் தள்ளிவிட அரசால் இயலவில்லை. தானே ஒரு மசோதாவைக் கொணர்ந்து 2019இல் சட்டமாக்கியது. மூன்றாம் பாலினத்தவர் எதிர்பார்த்த அளவு அச்சட்டத்தில் இல்லை என்னும் குறை வேறு.

பெரியவர் குறைபட்ட கூச்சலுக்கு மீண்டும் வருவோம். அவை முடங்கும்போது அரசு பெரிதாக எதனையும் இழப்பதில்லை. 11 மணிக்கு அமளி எழுந்தால் முதலில் மடிவது துணைக்கேள்வி. 12 மணிக்கு எழுந்தால் ஊர்க்கோரிக்கை. வெள்ளிக்கிழமை எழுந்தால் தனி உறுப்பினரின் மசோதா. இவை யாவும் பின்வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு உரியவை. அவரை அனுப்பிவைத்த ஊர்களுக்கு உரியவை. சில வேளைகளில் அமளியே வேண்டியதில்லை. பெருந்தொற்றுக் காலமாகிய 2020 செப்டம்பர்க் கூட்டத்தொடரில் கேள்வி நேரமும் தனி உறுப்பினர் அலுவலும் அறவே நீக்கப்பட்டு, பூஜ்ய நேரம் அரைமணியாகக் குறைக்கப்பட்டது. அரசின் மசோதாக்களோ நிறைவேறிய வண்ணம் இருந்தன. எதிர்க்கட்சிகளும் இதில் குற்றமற்றவை அல்ல. தாம் அமளி செய்து அழிப்பது தமக்குரிய மணி நேரத்தையே என்பதை எக்கட்சி எதிர்வரிசையில் அமர்ந்தாலும் மறந்துவிடுகின்றது.

இவற்றையெல்லாம் நெறிப்படுத்துவது தலைவர் நாற்காலி. அவைத்தலைவர் இல்லாத பொழுது துணைத்தலைவர் அதில் அமர்வார். தருமபுரித் தொகுதியிலிருந்து 1984இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மு. தம்பிதுரை, எட்டாவது மக்களவையின் துணைத்தலைவராக 1985 முதல் 1989 வரை அந்நாற்காலியில் அமர்ந்தார் என்பதை நம் மாவட்டத்து மாணவர்கள் அறிந்திருத்தல் நலம். கரூர்த் தொகுதி உறுப்பினராக 2014இலும் அவர் அப்பொறுப்பேற்றார். அவருக்குப்பின் 2019 முதல் 2024 வரை நிலவிய பதினேழாவது மக்களவை, துணைத்தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுக்காமலேயே தன் ஐந்தாண்டுகளையும் முடித்தது.

மாலையில், கேள்வி நேரத்தில் நிறைவு தராத விடை ஏதேனும் இருந்தால், அதன்மீது அரைமணி நேர விவாதம் கோரவும் விதியில் இடமுண்டு. வாரத்தில் மூன்று நாள்கள் இதற்கென உள்ளன. காலையில் தப்பிய அமைச்சரை மாலையில் பிடிக்கும் வழி என்று இதனைச் சொல்லலாம். பின்னர் அவை மறுநாள் 11 மணிக்கு ஒத்திவைக்கப்படும். அன்றைய கேள்விகளும் விடைகளும், பேச்சுகளும் அச்சாகி, இப்போது மக்களவையின் இணையதளத்திலும் எவரும் காணும்படி வைக்கப்படுகின்றன. உறுப்பினரின் பெயரைக் கொண்டு அவர் என்னென்ன கேட்டார் என்று தேடலாம். அடுத்தமுறை பாலக்கோடு செல்லும்போது, மொரப்பூர்ப் பாதை குறித்த விடைகள் சிலவற்றைப் படியெடுத்துச் செல்வதாக நம் மாணவர்கள் கூறியுள்ளனர். பெரியவர் அதே இருக்கையில் இருப்பாராயின் அவரிடம் தருவார்கள்.