அரையிருளில் பவளம் தேடும் ரோபோக்கள்

பவள உயிர்கள் வெயில் படும் ஆழமற்ற கடலோடு நின்றுவிடுவதில்லை. சுமார் 30 மீட்டரில் தொடங்கி 150 மீட்டர் வரை இறங்கும் அரையிருள் பகுதியிலும் அவை செழித்து வாழ்கின்றன. சாதாரண ஸ்கூபா முக்குளிப்புக்கு 40 மீட்டர்தான் எல்லை. அதற்குக் கீழே செல்லத் தனி வாயுக் கலவையும் கடும் பயிற்சியும் வேண்டும். அப்போதும் அடியில் தங்கக் கிடைப்பது கொஞ்ச நேரமே. அந்த வேலையை இப்போது ரோபோக்கள் செய்கின்றன.

ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் வெளிவிளிம்பை 2007-இல் ஆராய்ந்தது சிட்னி பல்கலைக்கழகத்தின் 'சிரியஸ்'. கேபிள் எதுவுமின்றி பேட்டரியில் ஓடும் இந்த ரோபோ, கடலடித் தரைக்கு இரண்டு மீட்டர் மேலே, ஏர் சால் ஓட்டுவதுபோல் வரிசை வரிசையாக நகரும். சிவப்பு நிறத்தை நீர் முதலில் விழுங்கிவிடுவதால், பவளத்தின் உண்மை நிறம் தெரிய அருகிலிருந்து பிளாஷ் அடித்தே படமெடுக்க வேண்டும். ஜிபிஎஸ் சமிக்ஞை நீருக்குள் எட்டாது. தரையில் பட்டுத் திரும்பும் ஒலியைக் கொண்டு ரோபோ தன் வேகத்தையும், நீரழுத்தத்தைக் கொண்டு ஆழத்தையும் கணக்கிடும். இரட்டைக் கேமராக்களின் படங்கள் பிறகு முப்பரிமாண வரைபடமாக இணைக்கப்படும். ஒவ்வொரு படமும் எந்த இடத்தைச் சேர்ந்தது என்பது தெரிவதுதான் இந்த முறையின் பெரும் பலம்.

அங்கே தென்பட்ட பாறை முகடுகள், பனியுகத்தில் கடல்மட்டம் இன்றையதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்து, பின்னர் உயர்ந்தபோது மூழ்கிய பழைய பவளத்திட்டுகள். ஏறத்தாழ 60 மீட்டர் வரை, கிடைக்கும் சொற்ப ஒளியை வாங்கத் தட்டையாக விரிந்த பவளங்கள் மிகுந்திருந்தன. அதற்குக் கீழே, உடலுக்குள் வாழும் பாசியின் துணையின்றி நீரோட்டத்திலிருந்து இரை பிடிக்கும் கடல் விசிறிகள் இடம்பிடித்தன. மணல் மூடிய இடங்களில் இரண்டுமே அரிது.

படத்தை மட்டும் பார்த்து இனத்தை உறுதிசெய்வது பல நேரங்களில் இயலாது. மாதிரி எடுக்க, கப்பலோடு கேபிளால் இணைந்த, இயந்திரக் கை கொண்ட ரோபோ தேவை. அவ்வகையைச் சேர்ந்த 'சுபாஸ்டியன்', 2020 அக்டோபரில் கேப் யார்க் அருகே, 500 மீட்டர் உயரத்துக்குத் தனித்து நிற்கும் ஒரு பவளத்திட்டில் இறங்கியது. ஆய்வாளர் ராபின் பீமன் தலைமையிலான குழு சில நாள்களுக்கு முன்புதான் அதைக் கண்டறிந்திருந்தது.

ஆழத்துப் பவளங்கள் கடல் வெப்பத்திலிருந்து தப்பிவிடும் என்ற நம்பிக்கை நெடுங்காலம் இருந்தது. ஆனால் கிரேட் பேரியர் ரீஃபில் வெப்பத்தால் பவளங்கள் நிறமிழந்த 2016-இன் பெரும் வெளிறல், அளவில் குறைந்தாலும், 40 மீட்டர் ஆழத்திலும் காணப்பட்டது. அதற்கும் கீழே என்ன நேர்கிறது என்பதை அறிய, ரோபோக்கள் ஒருமுறை படமெடுத்த அதே இடங்களுக்குப் பல ஆண்டுகள் திரும்பத் திரும்பச் செல்ல வேண்டும்.