அடுப்பும் குளியலறையும் கூடவே வந்த பிரயாணம்

"வீட்டையே சக்கரத்து மேல வச்சு ஓட்டிக்கிட்டுப் போகப் போறோம் அக்கா! நீயும் அம்மாவும் கட்டாயம் வரணும்" என்று என் தங்கை டெலிபோனில் சொன்னபோது, அவளுக்கு ஏதோ கிறுக்குப் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.

அவள் இருந்தது அமெரிக்காவின் மேற்குக் கோடியில், சியாட்டில் நகரத்துக்குப் பக்கம். மாப்பிள்ளைக்கு மிஷிகன் மாநிலத்துக்கு வேலை மாற்றல். சாமான்களை லாரியில் அனுப்பிவிட்டு, குடும்பத்தோடு ஒரு 'ஆர்.வி.'யை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, வடக்கு எல்லையை ஒட்டிய நெடுஞ்சாலையிலேயே போய்ச் சேருவது என்று திட்டம். இது நடந்தது 2023 ஜூலையில்.

ஆர்.வி. என்பது வேறொன்றுமில்லை. நம் ஊர் வேன் மாதிரி முகப்பு. பின்னால் படுக்கை, கேஸ் அடுப்பு, ஃபிரிஜ், குளியலறை, கக்கூஸ் எல்லாம் அடக்கம். நாங்கள் எடுத்தது 25 அடி நீளம். சாதாரண கார் லைசென்ஸே போதும். ஆனால் பெட்ரோல் குடிப்பதில் யானைதான். ஒரு காலனுக்கு எட்டு, பத்து மைல் கொடுத்தால் அதிகம். ஓரிடத்தில் எடுத்து வேறிடத்தில் விட்டால் அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

எனக்குப் பயம் மலையைப் பற்றியோ தூரத்தைப் பற்றியோ அல்ல. அம்மாவைப் பற்றித்தான்.

அம்மாவுக்கு 73 வயது. இருபது வருஷமாகச் சர்க்கரை. இரண்டு வேளை ஊசி. இரண்டு வருஷத்துக்கு முன் கும்பகோணத்திலிருந்து காரில் திருப்பதி போய்வந்தோம். திரும்பிய மறுநாளே குளிர் ஜுரம். சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். "தண்ணி குடிச்சீங்களாம்மா?" என்று கேட்டதற்கு, "ஓ, நிறைய" என்று தலையாட்டினாள். ராத்திரி என்னிடம்தான் உண்மை வந்தது. "வழியில நிறுத்தச் சொல்ல வெக்கமா இருந்துச்சுடி. டிரைவர் வேற ஆம்பளை. அதான் காலையிலேர்ந்து வாயை நனைக்கலை." பெண்களில் எத்தனை பேர் இப்படிப் பிரயாணம் செய்கிறோம் என்று எனக்குத் தெரியும், நானும் செய்திருக்கிறேன். ஆனால் சர்க்கரைக்காரர்களுக்கு இந்த வெட்கம் ஆஸ்பத்திரி வரை கொண்டுபோய் விட்டுவிடும்.

தங்கையிடம் இதைச் சொன்னேன். "அதுக்குத்தானே அக்கா ஆர்.வி.! கக்கூஸ் கூடவே வருது" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் ஒப்புக்கொண்டேன்.

திட்டம் போடுவதற்கே மூன்று வாரம் ஆயிற்று. சாலையின் பெயர் 'யூ.எஸ். 2'. வாஷிங்டன் மாநிலத்தின் எவரெட் என்ற ஊரில் ஆரம்பித்து, ஐடஹோ, மொன்டானா, வடக்கு டகோட்டா, மினசோட்டா, விஸ்கான்சின் வழியாக மிஷிகனின் செயின்ட் இக்னஸ் வரை 2,100 மைலுக்கு மேல். (அதே எண்ணில் இன்னொரு துண்டு நியூயார்க் மாநிலத்தில் ஆரம்பித்து மெய்ன் வரை போகிறது, அது எங்களுக்கு வேண்டியிருக்கவில்லை.) மாப்பிள்ளை ஒரு நாளைக்கு 350 மைல் என்று கணக்குப் போட்டார். நான் 200-க்கு மேல் கூடாது என்றேன். சண்டை போட்டு ஜெயித்தேன். ஆகப் பதினாறு நாள்.

கனடா பக்கமும் எட்டிப் பார்க்கலாம் என்று தங்கைக்கு ஆசை. எனக்கும் அம்மாவுக்கும் அதற்கு வேறு விசா வேண்டும் என்பதால் விட்டுவிட்டோம். வழியில் பெரிய ஊர்களான ஸ்போகேன், கலிஸ்பெல், ஹேவர், வில்லிஸ்டன், மைனாட், கிராண்ட் ஃபோர்க்ஸ், டுலூத் ஆகியவற்றில் உள்ள ஆஸ்பத்திரிகளின் விலாசத்தை ஒரு நோட்டில் கையால் எழுதி வைத்தேன். மலையிலும் பொட்டல் வெளியிலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. நோட்டுப் புத்தகத்துக்கு சிக்னல் வேண்டாமே!

தண்ணீருக்கு ஒரு யுக்தி செய்தேன். ஒரு லிட்டர் பாட்டிலில் நகப்பூச்சால் கோடு போட்டு, இந்தக் கோடு பத்து மணி, இந்தக் கோடு பன்னிரண்டு மணி என்று எழுதினேன். எவ்வளவு குடிக்கலாம் என்று புறப்படுமுன் அம்மாவின் டாக்டரிடம் கேட்டுக்கொண்டேன். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குக் கணக்கு வேறு. ஓடும் வண்டியில் எழுந்து கக்கூஸ் போகக் கூடாது, எல்லோரும் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆகவே ஒன்றரை மணிக்கு ஒரு தரம் வண்டியை நிறுத்துவது என்று, யாரும் கேட்காமலே நிறுத்துவது என்று, மாப்பிள்ளையிடம் சொல்லிவைத்தேன். ஏறும் படி உயரம் என்பதால் ஒரு அகலமான ஸ்டூலும் வாங்கினோம்.

சமையலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, வறுத்த ரவை, வத்தக்குழம்பு இவை நான்கும் இருந்தால் உலகத்தைச் சுற்றலாம். முதல் நாள் கடுகு தாளித்ததும் புகை அலாரம் அலறிய அலறலில் பக்கத்து வண்டிக்காரர்கள் ஓடி வந்துவிட்டார்கள். அப்புறம் ஜன்னலைத் திறந்து, மேலேயிருக்கும் விசிறியைப் போட்டுவிட்டுத்தான் வாணலியை வைத்தேன். மூடிய வண்டியில் கேஸ் எரிப்பது ஆபத்தும்கூட. தயிர், ஓடும் வண்டியில் உறையாது; ராத்திரி நிறுத்தியபின் உறை ஊற்றவேண்டும். முகாமில் கொடுக்கும் மின்சாரம் 30 ஆம்பியர்தான். ஏ.ஸி., மைக்ரோவேவ், கரண்ட் குக்கர் மூன்றையும் சேர்ந்தாற்போல் போட்டால் பட்டென்று அணைந்துவிடும்.

முதல் நாள் ஸ்டீவன்ஸ் கணவாய். 4,061 அடி உயரம். இறங்கியதும் லெவன்வொர்த் என்று ஜெர்மனி பாணியில் கட்டிய ஒரு ஊர். அப்புறம் வெனாச்சியின் ஆப்பிள் தோட்டங்கள். அம்மா கோடு தவறாமல் குடித்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஸ்போகேன் பக்கத்து முகாமில் விடிந்ததும் விஷயம் கெட்டது. ஆர்.வி.யின் கழிவு அடியிலுள்ள தொட்டியில் சேரும். அதை அதற்கென்று உள்ள இடத்தில் நிறுத்தி, தடித்த குழாயை மாட்டிக் காலி செய்யவேண்டும். மாப்பிள்ளை கையுறை போட்டுக்கொண்டு செய்துகொண்டிருந்தார். அம்மா ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டாள். "அப்பா என்னடா பண்றாரு?" என்று பேரனைக் கேட்க, பதினோரு வயசுப் பிள்ளை ஒளிக்காமல் விளக்கிவிட்டான்.

அன்று சாண்ட்பாயின்ட் ஏரியைத் தாண்டும்போது பார்க்கிறேன், பாட்டில் முதல் கோட்டிலேயே நிற்கிறது. "தாகமில்லை." மத்தியானமும் தாகமில்லை. கலிஸ்பெல் வந்ததும் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மாப்பிள்ளை கையால என் அசிங்கத்தை எடுக்கிறதாடி? அதுக்கு நான் ஊருக்கே போயிடறேன்."

அதை அசட்டுத்தனம் என்று தங்கை சொன்னாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாப்பிள்ளை வந்தால் எழுந்து நிற்கிற தலைமுறை அது. அந்த மனசோடு வாதம் செய்து பிரயோஜனமில்லை. மாப்பிள்ளையிடம் போய், "எனக்குச் சொல்லிக் குடுங்க" என்றேன். அவருக்குச் சங்கடம். "நீங்க எதுக்குக்கா?" என்றார். விடவில்லை. கையுறை; முதலில் கக்கூஸ் தொட்டி, அப்புறம் பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டி. இந்த வரிசையில் செய்தால் பின்னால் வரும் தண்ணீர் குழாயை அலசிவிடும். பிறகு குழாயைக் கழற்றிக் கழுவி, கையை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவவேண்டும். பத்து நிமிஷ வேலை. நம் வீட்டுச் சாக்கடை அடைத்தால் செய்வதைவிடச் சுலபம்.

மறுநாள் காலை அம்மா ஜன்னலருகே உட்கார்ந்து முழுவதையும் பார்த்தாள். ஒன்றும் பேசவில்லை. நான் கழுவிக்கொண்டு ஏறியதும், "கொஞ்சம் மோர் கரைச்சுக் குடு" என்றாள். மிஷிகன் வரை அந்த வேலை என்னுடையதாகவே இருந்தது.

கிளேஷியர் தேசியப் பூங்காவின் வாசலில் மூன்று நாள் தங்கினோம். பூங்காவைக் குறுக்கே கடக்கும் 'கோயிங் டு த ஸன்' சாலையின் மலைப்பகுதியில் 21 அடிக்கு மேல் நீளமான வண்டிகளை விடமாட்டார்கள். இது தெரியாமல் பெரிய வண்டியோடு வந்து திரும்புகிறவர்களைப் பார்த்தோம். நாங்கள் முன்னாலேயே தெரிந்துகொண்டு, தெற்கு ஓரமாகச் சுற்றும் யூ.எஸ். 2-லேயே போனோம். குறைச்சல் ஒன்றுமில்லை. வழியில் ஆற்றங்கரைப் பாறையில் உப்பு நக்குவதற்காக வெள்ளை மலையாடுகள் இறங்கிவரும் இடம் ஒன்று உண்டு. அம்மா அரை மணி நேரம் அசையவில்லை. ஹக்கிள்பெர்ரி என்று ஒரு பழம். தின்றால் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கு நீலம்.

அங்கேதான் என் தப்பும் வெளிப்பட்டது. அம்மாவின் இன்சுலின் பெட்டி ஒன்றை ஃபிரிஜ்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்துவிட்டேன். ஆர்.வி. ஃபிரிஜ்ஜில் அந்த இடம்தான் ரொம்பக் குளிர்ச்சி. மருந்து உறைந்து போயிருந்தது. திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டும். உறைந்துவிட்டால் இளகினாலும் உபயோகிக்கக் கூடாது, தூக்கிப் போடவேண்டியதுதான். நல்லவேளை, பாதியைக் கதவுத் தட்டில் தங்கை பிரித்து வைத்திருந்தாள். இல்லாவிட்டால் அந்த ஊரில் புதிய டாக்டர், புதிய சீட்டு என்று அலைந்திருப்போம். நேர வித்தியாசம் வேறு. கிழக்கே போகப்போக மூன்று தடவை கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளவேண்டும். டாக்டர் சொல்லியிருந்தபடி, ஊசியைச் சாப்பாட்டோடு சேர்த்தே நகர்த்திக்கொண்டோம்.

மேரியாஸ் கணவாயைத் தாண்டினால் மலை சட்டென்று முடிந்து, கிழக்கு மொன்டானா முழுக்கக் கோதுமையும் வானமும்தான். மாப்பிள்ளைக்குத் தூக்கம் வந்தது. அம்மாவுக்கோ கொண்டாட்டம். சாலைக்குப் பக்கத்திலேயே ரயில் பாதை. பேரனும் பாட்டியும் கூட்ஸ் வண்டிப் பெட்டிகளை எண்ணினார்கள். நூற்றுப் பத்து வரை வந்ததாகப் பந்தயம்.

மினசோட்டாவில் பெமிட்ஜியிலிருந்து கொஞ்சம் விலகி இடாஸ்கா ஏரி. மிஸிஸிப்பி நதி அங்கேதான் பிறக்கிறது. அவ்வளவு பெரிய நதி, அங்கே கல்மேல் கால் வைத்துத் தாண்டிவிடலாம். நம் தலைக்காவிரி ஞாபகம் வந்தது. அம்மா செருப்பைக் கழற்றப் போனாள். சர்க்கரைக் காலில் கல் குத்தினால் தெரியாது என்று ரப்பர் ஷூவோடுதான் இறக்கினேன். "நதியில செருப்போடவா?" என்று முனகிக்கொண்டே இறங்கி, தலையில் தெளித்துக்கொண்டாள்.

டுலூத்தில் சுப்பீரியர் ஏரி, கடைசியில் 5 மைல் நீளமுள்ள மெக்கினா பாலம் எல்லாம் பார்த்தோம். மறுபடி போனால் கிளேஷியரில் ஒரு வாரம் தங்கி, புடவைப் பெட்டியில் பாதியை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவேன்.

நகப்பூச்சுக் கோடு போட்ட அந்த பாட்டிலை அம்மா கும்பகோணத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலைக் கோடுகளை ஒழுங்காக முடித்துவிடுகிறாள். நாலு மணிக் கோட்டுக்குத்தான் இன்னும் தினம் தகராறு.