மண்ணுக்குள்ள மூணு சொந்தக்காரங்க... ஆள் மாறினா ஆபத்து!

ஒரு ஸ்பூன் மண்ணில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கு. அதுல மூணு பேர் ரொம்ப நெருங்கின சொந்தம். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், பயிரைத் தின்னும் புழுக்களைக் கொல்லும் விவசாயிகளின் நண்பன். பேசில்லஸ் சீரியஸ், மீந்த சோற்றில் வளர்ந்து வாந்தி வரவைக்கும். பேசில்லஸ் ஆந்த்ராசிஸ், ஆந்த்ராக்ஸ் நோயால் உயிரையே பறிக்கும். வழக்கமா பாக்டீரியாவை அடையாளம் காட்டுற 16எஸ் ஜீன்கூட மூணுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்!

அப்போ எப்படிப் பிரிக்கிறாங்க? டி.என்.ஏ-வை என்ஸைமால் துண்டாக்கி, பி.சி.ஆர் முறையில் பெருக்கி, ஜெல்லில் ஓடவிடுவாங்க. துண்டுகளோட நீளத்துக்கு ஏற்ப பார்கோடு மாதிரி கோடுகள் விழும். அதான் மரபணு ரேகை.

2001-ல் அமெரிக்காவில் தபாலில் வந்த ஆந்த்ராக்ஸ் பொடி 5 பேரைக் கொன்னப்போ, அது 'ஏம்ஸ்' ரகம்னு காட்டிக்கொடுத்ததும் டி.என்.ஏ சோதனைதான். மண்ணில் புதுசா ஒரு பேசில்லஸ் கிடைச்சா, பூச்சிமருந்தாக்குறதுக்கு முன்னாடி ரேகையைப் பார்த்துடணும் மக்களே!